கொச்சியில் மூழ்கிய கப்பல், மன்னாரில் ஒதுங்கிய கழிவு

கப்பல் எண்ணெய் எங்கட கரைக்கு வந்தால் யாரிடம் நட்டஈடு கேட்பது? வெள்ளாங்குளத்தில் ஒரு வயதான கடற்றொழிலாளி என்னிடம் கேட்டது இது. 2008 ஓகஸ்டில் யுத்தம் இந்த ஊருக்குள் வந்தபோது படகையும் வலையையும் விட்டுவிட்டு இடம்பெயர்ந்தவர் அவர். மீளக்குடியேறியபோது இழப்பை நிரூபிக்க அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை.

அவருடைய பயம் நியாயமானது. 2025 மே 25 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கொள்கலன்களோடு கேரளக் கடலில் மூழ்கியது. அதில் 84 தொன் டீசலும் 367 தொன் உலை எண்ணெயும் இருந்தன. ஜூன் மாதம், சோளகம் வீசும் காலத்தில், சவ்வரிசி போன்ற பிளாஸ்ரிக் துகள்கள் மன்னார்க் கரையில் ஒதுங்கின. மீன்கள் இவற்றை இரையென்று விழுங்கிவிடும்.

கேரள அரசு நான்கு நாட்களில் இதை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பின்னர் 9,531 கோடி இந்திய ரூபா கேட்டு வழக்குத் தொடர்ந்தது. அதே நிறுவனக் குழுமத்தின் இன்னொரு கப்பலைத் தடுத்துவைக்கும் உத்தரவையும் பெற்றது.

இலங்கையின் அனுபவம் வேறு. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் சுமார் 1,680 தொன் பிளாஸ்ரிக் துகள்கள் இருந்தன. உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்தும்படி உத்தரவிட்டது 2025 ஜூலை 24 அன்றுதான். அரச தரப்பின் தவறுகளையும் அது சுட்டிக்காட்டியது. கப்பல் நிறுவனமோ பணம் செலுத்த மறுத்துவிட்டது.

இலங்கையில் இதற்குப் பொறுப்பானது கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபை. 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

ஆனால், நட்டஈடு கணக்கைப் பார்த்தே வரும். படகுப் பதிவு, அன்றாடப் பிடி, விற்ற துண்டு, கடலுக்குப் போகாத நாட்கள் ஆகியவற்றை இப்போதே எழுதிவையுங்கள். கழிவு ஒதுங்கினால் திகதியோடு படம் எடுங்கள், வெறுங்கையால் தொடவேண்டாம். கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் கிராம அலுவலருக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றை வைத்திருங்கள்.

யுத்தத்தில் தொலைந்த படகுக்குச் சாட்சி இருக்கவில்லை. அடுத்த இழப்புக்காவது இருக்கட்டும்.