யாரிடம் கழுத்தை நீட்டுவது?

முகச்சவரம் என்னும் அன்றாடக் காரியத்திற்குள் எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. ஒருவன் கண்களை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, தன் குரல்வளையை இன்னொருவனின் கூரிய கத்திக்கு முன்னால் நீட்டுகிறான். அரசனும் இதைத்தான் செய்தான், குடியானவனும் இதைத்தான் செய்தான். போர்க்களத்தில் கவசம் பூண்டு காத்த கழுத்தை, வீடு திரும்பியதும் நாவிதரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மனிதன் மனிதனை நம்பிய வரலாற்றை எழுதப் புகுபவர்கள் சவரக்கத்தியையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

அந்த நம்பிக்கை கத்தியோடு நின்றதில்லை. ஐரோப்பாவில் நாவிதரே அறுவை மருத்துவராகவும் இருந்தார். லண்டனில் நாவிதர்களும் அறுவை மருத்துவர்களும் 1540இல் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டு, 1745இல்தான் பிரிந்தனர். தமிழகத்தில் நாவிதர்கள் மருத்துவர்களாகவும் அவர்கள் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாகவும் விளங்கியதை நாம் அறிவோம். பிள்ளை பிறக்கையில் முதலில் ஏந்திய கைகள் அவர்களுடையவை. ஆனால் அந்தக் கைகளுக்குக் கிடைத்தது களத்துமேட்டில் அளந்து போடப்பட்ட நெல்லும், திண்ணைக்குக் கீழே ஓர் இடமும்தான். கழுத்தை ஒப்படைக்கும் அளவு நம்பிக்கை, அருகில் அமரவைக்க மறுக்கும் அளவு இழிவு. இரண்டும் ஒரே உறவுக்குள் நூற்றாண்டுகளாகக் குடியிருந்தன. எனவே சவரக்கத்தி நாவிதரின் கையிலிருந்து அவரவர் கைக்கு மாறியதை ஓர் இழப்பாக மட்டும் பார்க்க முடியாது. அது எவ்வாறு மாறியது, மாறியபோது அந்தப் பழைய நம்பிக்கை எங்கே போயிற்று என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தன் முகத்தைத் தானே மழிப்பது நெடுங்காலம் பெரும்பாலோருக்கு எட்டாத வித்தையாகவே இருந்தது. பிடிக்குள் மடங்கும் நீண்ட கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டவேண்டும், ஒவ்வொரு முறையும் தோல்வாரில் இழுத்து முனையைச் சீராக்கவேண்டும், கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும் முகத்தில் சரியான சாய்வில் ஓட்டவேண்டும். கை சற்றே பிசகினாலும் இரத்தம்தான். பாரிஸ் நகரத்துக் கத்திக் கொல்லரான ழான் ழாக் பெரே இதற்கு ஒரு வழி தேடினார். தச்சரின் இழைப்புளியில் பட்டையின் நுனி மட்டும் வெளியே நீண்டிருப்பதுபோல், கத்தியின் விளிம்பு மட்டும் தோலைத் தொடுமாறு மரக்காப்பு ஒன்றைப் பொருத்தினார். தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளும் கலையைக் கற்பிப்பதற்கென்றே 1769இல் அவர் ஒரு நூலையும் வெளியிட்டார். பிரெஞ்சு அறிவொளி இயக்கத்தின் காலம் அது. தன் அறிவைத் தானே பயன்படுத்தத் துணிக என்ற குரல் ஐரோப்பாவில் ஒலித்துக்கொண்டிருந்தபோது, தன் கன்னத்தைத் தானே மழித்துக்கொள்க என்று ஒரு கொல்லர் எழுதியது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் பொருத்தமான தற்செயல்.

கத்திக்கு நல்ல எஃகு வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் 1740களில் களிமண் மூசைகளில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டபின், சீரான எஃகில் சவரக்கத்திகள் அங்கிருந்து உலகெங்கும் சென்றன. ஆனால் கத்தி மட்டும் சவரம் செய்துவிடாது. உலர்ந்த தாடிமயிர் மிகவும் உறுதியானது. நீரை உறிஞ்சிய பிறகே அது நெகிழ்ந்து கத்திக்கு இடம் கொடுக்கிறது. சோப்பு மயிரின் மேலுள்ள எண்ணெயைக் கழுவுகிறது. நுரை அந்த ஈரத்தை ஆவியாகாமல் பிடித்துவைத்து, கத்திக்கும் தோலுக்கும் இடையே வழுக்கும் படலமாகிறது. இவற்றையெல்லாம் முகத்திற்குக் கொண்டுசேர்ப்பது பிரஷ். வெந்நீரைத் தன்னுள் தேக்கி, சோப்பை நுரையாக்கி, மயிர்க்கால்களை நிமிர்த்தி நிறுத்துவது அதன் வேலை.

பிரஷ்களில் உயர்ந்தது வளைதோண்டி வாழும் பேட்ஜர் என்னும் விலங்கின் மயிரால் ஆனது. அடி வெளுத்து, நடுவில் கரும்பட்டை ஓடி, நுனி மீண்டும் வெளுத்து மெலிந்திருக்கும். நீரை நன்றாகத் தேக்கும், தோலை உறுத்தாது, விலையும் அதிகம். பன்றி மயிர் மலிவானது, விறைப்பானது. குதிரை மயிர் எளிதில் கிடைப்பது. இந்த மூன்று மயிர்களின் விலை வேறுபாட்டிலிருந்துதான் பின்னால் வரப்போகும் துயரம் முளைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரேயின் எண்ணம் பல கைகளில் வளர்ந்தது. வில்லியம் ஹென்சன் 1847இல் மண்வெட்டிபோல் குறுக்காகப் பிடி வைத்த சவரக்கத்திக்குக் காப்புரிமை பெற்றார். நியூயார்க்கின் காம்ஃபே சகோதரர்கள் 1880இல் காப்புக்கம்பி வைத்த கத்திக்குக் காப்புரிமை பெற்றனர். ஆனால் இவற்றின் அலகையும் தீட்டியாகவேண்டும். தீட்டவே வேண்டாம், மழுங்கினால் எறிந்துவிடலாம் என்று சொன்னவர் கிங் கேம்ப் ஜில்லெட். போட்டியையே தீமைகளின் வேர் எனக் கண்டித்து, நயாகரா அருவியின் ஆற்றலில் இயங்கும் ஒரே மாநகரில் மக்கள் அனைவரும் வாழ்வதாகக் கனவு கண்டு 1894இல் புத்தகம் எழுதியவர் அவர். புட்டி மூடிகள் செய்யும் நிறுவனத்தின் விற்பனையாளராக இருந்தவர், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருளின் வணிக மந்திரத்தை அங்கே கற்றார். மெல்லிய எஃகுத் தகட்டுக்குக் கூர்மையேற்றும் சிக்கலைப் பொறியாளர் வில்லியம் நிக்கர்சன் தீர்த்துவைத்தார். விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் போன கத்திகள் 51, பிளேடுகள் 168. அடுத்த ஆண்டே கத்திகளின் எண்ணிக்கை 90 ஆயிரத்தைத் தாண்டியது.

அந்த வளர்ச்சிக்கு அக்கால அச்சம் ஒன்றும் துணை நின்றது. நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு பரவப் பரவ, எல்லா முகங்களுக்கும் ஒரே பிரஷும் ஒரே கிண்ணமும் பயன்படுத்தும் சவரக்கடை மீது ஐயம் படர்ந்தது. அமெரிக்காவில் நாவிதர்களுக்கு உரிமம் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் மின்னசோட்டா, 1897இல். அடுத்தவர் கையும் அடுத்தவர் பிரஷும் படாமல், சொந்தக் கத்தி, சொந்த சோப்பு, சொந்த பிரஷ் என்று குளியலறைக்குள் ஒதுங்குவதே சுகாதாரம் என்றாயிற்று. நாவிதரிடமிருந்து விலகினால் நோயிலிருந்து விலகலாம் என்று நடுத்தர வர்க்கம் நம்பியது.

இந்த நம்பிக்கையை முதல் உலகப்போர் சோதித்தது.

1915 ஏப்ரலில் ஈப்ரு நகரத்தருகே ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டனர். அதன்பின் வாயு முகமூடி படைவீரனின் உயிர்க்கருவியாயிற்று. முகமூடியின் விளிம்பு தோலோடு ஒட்டவேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. பிரிட்டிஷ் இராணுவம் அதுவரை மேலுதட்டை மழிக்கக்கூடாது என்றே விதி வைத்திருந்தது. 1916 அக்டோபரில் அவ்விதி நீக்கப்பட்டது. 1917இல் போரில் இறங்கிய அமெரிக்கா, ஜில்லெட்டிடமிருந்து சுமார் 35 இலட்சம் சவரக்கத்திகளையும் 3 கோடிக்கும் மேற்பட்ட பிளேடுகளையும் வாங்கித் தன் வீரர்களுக்கு வழங்கியது. அதுவரை ஊர்க்கடையில் நாற்காலியில் சாய்ந்து பழகிய ஒரு தலைமுறை, பதுங்குகுழியில் கையகலக் கண்ணாடியின் முன் நின்று தானே மழிக்கக் கற்றுக்கொண்டது. பெரேயின் கனவை நிறைவேற்றியது போர்தான்.

இத்தனை இலட்சம் முகங்களுக்கு பிரஷ் வேண்டும். பேட்ஜர் மயிர் அவ்வளவுக்கு இல்லை. குதிரை மயிரை வெளுத்து, நடுவில் கரும்பட்டை விழும்படி சாயமேற்றி, பேட்ஜர்போல் தோன்றச் செய்து விற்றார்கள். போருக்கு முன்னர் ரஷ்யாவிலிருந்தும் கீழை நாடுகளிலிருந்தும் வந்த மயிர் பெரும்பாலும் ஜெர்மனி, பிரான்சு நாடுகளின் வழியாக, அங்கே தூய்மைப்படுத்தப்பட்டு வந்துகொண்டிருந்தது. போர் அவ்வழியை அடைத்துவிட்டது. மயிர் நேராக வந்திறங்கியது. அவசரத்தில் தொற்றுநீக்கம் அரைகுறையாக நடந்தது, அல்லது நடக்கவே இல்லை. அந்த மயிரோடு கூடவே வந்தது அடைப்பான்.

ஆந்த்ராக்ஸ் என்று ஆங்கில மருத்துவம் அழைக்கும் நோயைத் தமிழ்க் கால்நடை வளர்ப்போர் அடைப்பான் என்றே அறிவர். நேற்றுவரை மேய்ந்த மாடு இன்று விழுந்துகிடக்கும். இதை உண்டாக்கும் நுண்ணுயிர் சாதகமற்ற சூழலில் தடித்த உறையிட்டு வித்தாக மாறிவிடும் என்பதை ராபர்ட் காக் 1876இல் கண்டுபிடித்தார். மண்ணிலும் தோலிலும் மயிரிலும் அந்த வித்துகள் பல ஆண்டுகள் உறங்கும். சாதாரணச் சுடுநீர் அலசலுக்கு அவை அசைவதில்லை. சவரத்திற்குப் பின் பூசும் சாராயக் கலவைத் தைலங்களும் அவற்றைக் கொல்வதில்லை. நமது படிகாரக் கல்லும் கீறலின் இரத்தத்தை நிறுத்துமே தவிர வித்தை நிறுத்தாது.

புதிய பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை இடுகிறது. புதிய பிரஷ் அக்கீறல்களுக்குள் வித்துகளைத் தேய்த்துச் செலுத்துகிறது. சில நாட்களில் ஒரு கொப்புளம். அதில் வலி இல்லை என்பதே அதன் வஞ்சகம். நடுப்பகுதி கருத்துப் பொருக்காகும். கரி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இந்நோய் ஐரோப்பாவில் பெயர் பெற்றது. பின்னர் கழுத்தும் முகமும் வீங்கும். பெனிசிலின் வருவதற்கு முந்தைய காலம் அது. எதிர்ச்சீரமும் அறுவையும் கைகொடுக்காதவர்கள் இறந்தார்கள். மருத்துவர்கள் நோயாளிகளை விசாரித்தபோது ஒரே விடை திரும்பத் திரும்ப வந்தது: அண்மையில் வாங்கிய புதிய பிரஷ். பிரஷ்களைச் சோதித்தபோது கிருமி அகப்பட்டது. போர்க்காலத்திலும் அடுத்த சில ஆண்டுகளிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலுமாக, படைவீரரும் பொதுமக்களும் சேர்த்து 200க்கு மேற்பட்டோர் இவ்வாறு நோயுற்றனர். பிரஷை வெதுவெதுப்பான ஃபார்மலின் கரைசலில் மணிக்கணக்கில் ஊறவைக்க வேண்டும் என்று அறிவுரைகள் வெளியாயின. எந்த வீரனிடம் ஃபார்மலின் இருந்திருக்கும்?

கோடிக்கணக்கில் மனிதர் மாண்ட போரின் நடுவே 200 பேர் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். ஆனால் இந்தத் தீங்கு முன்பே அறியப்பட்டிருந்தது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஆலைகளில் இறக்குமதிக் கம்பளி மயிரைப் பிரித்த தொழிலாளர்கள் மர்மமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அதன் காரணம் அடைப்பானே என்று மருத்துவர் ஜான் ஹென்றி பெல் 1880ஆம் ஆண்டளவிலேயே காட்டிவிட்டார். 1905 முதல் அவ்வூரில் ஃப்ரிட்ஸ் யூரிச் என்னும் நுண்ணுயிரியலாளர் இதற்கெனவே அமைந்த குழுவுக்காக மயிர்க் கற்றைகளைச் சோதித்து வந்தார். மயிர் கொல்லும் என்பது ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும், அவனுடைய மருத்துவருக்கும் தெரியும். அடைப்பான் தடுப்புச் சட்டம் பிரிட்டனில் வந்தது 1919இல்தான். ஜப்பானிய சவர பிரஷ்களின் இறக்குமதி 1920இல் தடைசெய்யப்பட்டது. கம்பளியையும் மயிரையும் தூய்மைப்படுத்தும் அரசு நிலையம் லிவர்பூலில் 1921இல் திறக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் ஆலைக்குள் நிகழ்ந்த சாவுகளால் வராத சட்டம், கிருமி நுகர்வோனின் குளியலறைக்கு வந்தபின் வந்து சேர்ந்தது.

இப்போது முதற்கேள்விக்குத் திரும்பலாம். நாவிதரின் நாற்காலியிலிருந்து எழுந்தவன், இனி எவரையும் நம்பவேண்டியதில்லை என்று எண்ணினான். உண்மையில் அவன் நம்பியவர்களின் எண்ணிக்கை பெருகியிருந்தது. எங்கோ ஒரு புல்வெளியில் குதிரையின் வாலைக் கத்தரித்தவர், மூட்டை கட்டியவர், கப்பலேற்றியவர், சாயமிட்டவர், பேட்ஜரைப்போல் தோன்றினால் போதும் என்று முடிவெடுத்த முதலாளி, பார்த்தும் பாராமல் முத்திரையிட்ட அதிகாரி என்று அவன் கழுத்தின் மேல் எத்தனையோ கைகள். அவர்களில் ஒருவரின் முகத்தையும் அவன் அறியான். நாவிதர் தவறு செய்தால் நாளைக்கு அவரிடம் போய்க் கேட்கலாம், ஊரில் சொல்லலாம். குதிரை மயிர் பிரஷில் நோய் வந்தவன் யாரைப் போய்க் கேட்பது? தற்சார்பு என்று நாம் பெருமிதத்தோடு அழைப்பதில் பெரும்பகுதி, முகமறியாதவர்களைச் சார்ந்திருத்தல்தான். அதைக் காக்க வல்லவை சட்டமும் சோதனைக்கூடமும் மட்டுமே. அவையும் பெரும்பாலும் பிணங்களுக்குப் பின்னால்தான் வருகின்றன.

பிறகு பிரஷே தேவையில்லாத களிம்புகள் வந்தன. மின்சவரக்கருவி 1930களில் வந்தது. அழுத்தினால் நுரை பொங்கும் குப்பிகள் இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்தன. இந்த நூற்றாண்டில் மேலைநாட்டு இளைஞர்கள் பலர் பழைய முறைக்கே திரும்பி, பாட்டனார் காலத்துக் கத்தியையும் பிரஷையும் தேடி வாங்கத் தலைப்பட்டனர். 2017இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்விதழில் அந்தப் போர்க்கால பிரஷ்களின் கதை மீண்டும் எழுதப்பட்டதற்கு இந்த ஆர்வமே காரணம். முறையாகப் பதப்படுத்தப்பட்ட இக்கால பிரஷ்களைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பழம்பொருளாகக் கிடைக்கும் மயிர் பிரஷைக் கண்ணாடிப் பேழையில் வைப்பதே நலம். செயற்கை இழை பிரஷ்கள் இப்போது நுரையைப் பழுதின்றித் தருகின்றன. எந்த விலங்கும் அதற்காகச் சாகவேண்டியதும் இல்லை.

நம் ஊரின் சவரக்கடைகளுக்கும் இப்படி ஒரு சோதனை வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் அச்சம் சலூன் நாற்காலி வரை வந்தது. எல்லோருக்கும் ஒரே கத்தியைத் தோல்வாரில் இழுத்துப் பயன்படுத்திய வழக்கம் மெல்ல மறைந்தது. பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்திகள் பரவின. இன்று நம் கடைகளில் சவரம் தொடங்குமுன் அவர் புதிய பிளேடின் உறையை நம் கண்முன் பிரிக்கிறார், காகிதத்தோடு சேர்த்து ஒடிக்கிறார், பாதியைக் கத்தியில் செருகிக் காட்டுகிறார். முன்பு ஊரும் உறவும் சாதியும் தாங்கிநின்ற ஒப்பந்தம் இப்போது அந்தச் சிறிய ஒடிப்பில் நடக்கிறது. அதன் பிறகுதான் நாம் தலையைச் சாய்க்கிறோம்.