கால்பந்து ஊடுபயிர் ஆன கதை

மாடு, மஞ்சள், கிணற்று மோட்டார் என்றே எழுதிக்கொண்டிருக்கிற இந்தப் பக்கத்தில் இன்றைக்குக் கொஞ்சம் கால்பந்து. பந்து விளையாட்டுப் பிடிக்காதவங்களும் படிக்கலாம். கடைசியில் இது விளைவிக்கிறவன், வாங்குகிறவன், நடுவில் இருக்கிற வியாபாரி பற்றிய கதைதான்.

முதலில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் லீக் ஆட்டம் என்றால் சனிக்கிழமை மதியம் மூன்று மணி. காலங்காலமாக அதுதான் வழக்கம். குளிர்காலத்தில் நமக்கு அது ராத்திரி எட்டரை. மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுட்டு, கை கால் கழுவிட்டு வந்து உட்கார்ந்தால், சந்தா கட்டியிருக்கிற வீட்டில் அந்த ஆட்டத்தை நேரலையாகவே பார்த்துவிடலாம். ஆனால் அதே மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிற மனுசன், டிக்கெட் கிடைக்கவில்லை என்றால், அதை டிவியில் பார்க்க முடியாது. சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை அங்கே கால்பந்து நேரலைக்குத் தடை. 1960களில் வந்தது, இன்றைக்கும் நீடிக்கிறது.

அந்தத் தடைக்குப் பின்னால் முக்கியமாக நின்றவர் ஒரு கறிக்கடைக்காரர்.

பர்ன்லி ஊர் பாப் லார்ட்

பர்ன்லி, இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயரில் பஞ்சாலையும் தறியுமாக வாழ்ந்த சின்ன ஊர். அந்த ஊர் கிளப் 1960ல் இங்கிலாந்து சாம்பியன் ஆனது. கிளப்புக்கு 1955 முதல் தலைவராக இருந்தவர் பாப் லார்ட். ஊரில் கறிக்கடைகள் வைத்திருந்தவர், பிடிவாதக்காரர், யாருக்கும் அடங்காத வாய். டர்ஃப் மூர் மைதானத்துக்குள் பிபிசி காமெராவை வர விடாமல் சில வருடம் வெளியிலேயே நிறுத்தி வைத்தார்.

அவர் கணக்கு நம்ம ஊர்க் கடைக்காரர் கணக்குதான். அன்றைக்குக் கிளப்புக்கு வருமானம் என்றால் வாசலில் வசூலாகும் டிக்கெட் காசு. பெரிய கிளப் ஆடுவதைச் சனிக்கிழமை மதியம் வீட்டிலேயே காட்டிவிட்டால், மழையில் நனைந்துகொண்டு சின்ன கிளப் மைதானத்துக்கு எவன் வருவான்? மற்ற கிளப்காரர்களையும் இதை ஒத்துக்கொள்ள வைத்தார். தடை நிலைத்துவிட்டது.

இந்தப் பயம் அவர் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லீங்க. 1927 ஜனவரி 22ஆம் தேதி, அர்செனலுக்கும் ஷெஃபீல்ட் யுனைடெடுக்கும் நடந்த ஆட்டத்தை பிபிசி ரேடியோவில் நேரடியாகச் சொன்னார்கள். லீக் ஆட்டத்துக்கு அதுதான் முதல் நேர்முக வர்ணனை. ரேடியோ டைம்ஸ் பத்திரிகையில் மைதானத்தை எட்டுக் கட்டமாகப் பிரித்துப் படம் போட்டிருந்தார்கள். பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒருத்தர் எண் சொல்லச் சொல்ல, வீட்டில் இருக்கிறவங்க படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். கேட்டவங்களுக்குக் கொண்டாட்டம், கிளப்களுக்குக் கிலி. நாலே வருடத்தில், 1931ல், லீக் நிர்வாகம் ரேடியோ வர்ணனைக்கே தடை போட்டது.

1960ல் ஐடிவி காசு கொடுத்து லீக் ஆட்டங்களை நேரலையாகக் காட்டப் பார்த்தது. பிளாக்பூலும் போல்ட்டனும் ஆடிய ஒரு ஆட்டம் காட்டியதோடு சரி. அர்செனலும் டாட்டன்ஹாமும் காமெராவுக்குக் கதவைச் சாத்திவிட்டன, ஒப்பந்தம் அதோடு முறிந்தது. 1964ல் பிபிசி 'மேட்ச் ஆஃப் தி டே' ஆரம்பித்தபோது ஆட்டத்தின் முக்கியப் பகுதிகளை மட்டும் ராத்திரி காட்டினார்கள். முதல் நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் சுமார் 20,000 பேர். அன்றைக்கு லிவர்பூல் மைதானத்தில் இருந்த கூட்டம் அதைவிட அதிகம்.

கூரையில் ஏறிய தட்டு

லீக் ஆட்டம் ஒழுங்காக நேரலையில் வர 1983 ஆனது. 1988ல் ஐடிவி நாலு வருடத்துக்கு 44 மில்லியன் பவுண்டு கொடுத்தது. 1992ல் பெரிய கிளப்கள் பழைய லீகை விட்டு வெளியேறி பிரீமியர் லீக் தொடங்கியபோது, ஸ்கையும் பிபிசியும் சேர்ந்து ஐந்து வருடத்துக்குக் கொடுத்த விலை 304 மில்லியன். நேரலை ஸ்கைக்கு, ராத்திரி தொகுப்பு பிபிசிக்கு. அதுவரை இலவசமாக வந்துகொண்டிருந்த நேரலைக்கு இனி கூரையில் தட்டு மாட்டணும், மாசா மாசம் பணம் கட்டணும்.

ரசிகர்களின் இரண்டு மனசு அப்போது நன்றாகத் தெரிந்தது. 1989ல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 உயிர் போயிருந்தது. நின்று பார்க்கும் படிக்கட்டுகளை எடுத்துவிட்டு எல்லோருக்கும் நாற்காலி போட வேண்டிய கட்டாயம் பெரிய கிளப்களுக்கு வந்தது. அந்த வேலைக்கு டிவி காசு உதவியது. உலகத்தின் நல்ல ஆட்டக்காரர்களும் வந்தார்கள். இதையெல்லாம் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டிக்கெட் விலை ஏறியது. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கும் திங்கள் ராத்திரிக்கும் நகர்ந்தது. வடக்கே இருந்து லண்டனுக்கு வந்தவன் ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் ஊர் திரும்பக் கடைசி ரயில் போயிருக்கும். ஆட்டத்தின் நேரத்தைத் தீர்மானிக்கிற கை மைதானத்தை விட்டுப் போய்விட்டது என்பதுதான் அவங்க வருத்தம்.

வாங்குகிறவன் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் அவங்க பார்த்துவிட்டார்கள். பிரீமியர் லீகுக்குக் கீழே இருக்கிற கிளப்களுக்கு மூன்று வருடத்துக்கு 315 மில்லியன் பவுண்டு தருவதாகச் சொன்ன ஐடிவி டிஜிட்டல், 2002ல் பாதியிலேயே மூழ்கியது. வரப்போகிற காசை நம்பி ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பேசி வைத்திருந்த சின்ன கிளப்கள் தவித்துப் போயின. 2007 முதல் எல்லா ஆட்டத்தையும் ஒருத்தரே வாங்கக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையத்தின் நெருக்குதலால் விதி வந்தது. ரெண்டு வியாபாரி வந்தால் விலை குறையணுமில்லையா? இங்கே ரெண்டு சந்தாவாக ஆனது. அப்படி வந்த செட்டான்டாவும் 2009ல் கடையை மூடியது.

அமேசான் வந்த ராத்திரி

இப்போது பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கு வருவோம். 2019-20 தொடங்கி சீசனுக்கு 20 ஆட்டம் காட்டும் உரிமையை அமேசான் வாங்கியது. டிசம்பர் மாதத்தில் வாரநடுவில் ஒரு சுற்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாளை ஒட்டி ஒரு சுற்று. முதல் ராத்திரி 2019 டிசம்பர் 3. அன்றைக்குக் காட்டிய இரண்டு ஆட்டத்தில் ஒன்று எங்கே நடந்தது தெரியுமா? டர்ஃப் மூர். மான்செஸ்டர் சிட்டியிடம் பர்ன்லி 1-4 என்று தோற்றது. மைதானத்தின் ஒரு பக்கப் பார்வையாளர் மாடத்துக்கு இன்றைக்கும் பாப் லார்ட் பெயர்தான். பிபிசி காமெராவை வாசலில் நிறுத்திய மனுசன் பெயர் எழுதிய இடத்திலிருந்து இன்டர்நெட் வழியாக ஆட்டம் போனது.

ரசிகர்கள் பாராட்டியது நிறைய. ஒரு வருட ஒப்பந்தம், வீட்டுக்கு ஆள் வந்து தட்டு மாட்டுவது எதுவும் வேண்டாம். முதல் மாதம் இலவசம். ஒரு சுற்றின் பத்து ஆட்டமும் நேரலை, எது வேண்டுமோ அதைப் பார்க்கலாம். குறைகளும் அன்றைக்கே வந்தன. இன்டர்நெட் வழியாக வருகிற படம் சில பேருக்கு நிமிடக் கணக்கில் பிந்தியது. கோல் விழுவதைக் கண்ணால் பார்க்கும் முன்னால் போனில் மெசேஜ் வந்து விழும். கால்பந்துக்கு அதில் பாதி உயிர் போச்சு. அப்புறம் காசு. ஸ்கைக்கு ஒன்று, பிடி ஸ்போர்ட்டுக்கு ஒன்று, இப்போது மூன்றாவது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த டிசம்பர் மாதம். இங்கிலாந்தில் அது பொருள் வாங்கும் பருவம். பிரைம் சந்தாவில் பார்சல் சீக்கிரம் வரும், கூடவே பந்தும் வரும். ஸ்கைக்குக் கால்பந்து நடுப்பயிர், அது போனால் பண்ணையமே படுத்துவிடும். அமேசானுக்கு அது மஞ்சள் காட்டில் போடுகிற சின்ன வெங்காயம் மாதிரி. ஊடுபயிர். வந்தால் லாபம், அடுத்த வருடம் போடாமல் விட்டாலும் நட்டமில்லை.

அப்படித்தான் நடந்தது. 2023 டிசம்பரில் அடுத்த நாலு வருட உரிமை 6.7 பில்லியன் பவுண்டுக்குப் போனபோது வாங்கியவர்கள் ஸ்கையும் டிஎன்டியும். 2024-25 சீசனோடு அமேசான் பிரீமியர் லீகை விட்டு விலகி, சாம்பியன்ஸ் லீகின் செவ்வாய்க்கிழமை ஆட்டங்களை எடுத்துக்கொண்டது. பிரான்சில் இன்னும் மோசம். மீடியாப்ரோ ஒப்பந்தம் 2020 கடைசியில் முறிய, 2021ல் அமேசான் வந்து லீகின் பெரும்பாலான ஆட்டங்களைக் குறைந்த விலைக்கு எடுத்தது, 2024ல் போனது. அடுத்து வந்த டசோன் ஒரே வருடம். கடைசியில் 2025ல் லீகே சொந்தமாக ஒரு சேனல் தொடங்க வேண்டியதாயிற்று. நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஸ்பெயினின் லா லிகா ஆட்டங்களை 2018 முதல் மூன்று சீசன் இந்தியாவில் ஃபேஸ்புக் இலவசமாகக் காட்டியது. மெஸ்ஸியைப் போனில் பைசா இல்லாமல் பார்த்த காலம். 2021ல் அது வேறு கைக்கு மாறியது.

எங்க பக்கம் இது புதுசில்லை. ஒரு கம்பெனி மூலிகைக் கிழங்கு நடச் சொல்லி ஒப்பந்தம் போட்டது. ரெண்டு வருடம் காட்டுக்கே வந்து எடை போட்டார்கள். மூன்றாம் வருடம் கிழங்கு மண்ணுக்குள் கிடந்தது, ஆளைக் காணோம்.

நல்லபடி நடந்த கதையையும் சொல்லணும். அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கரை ஆப்பிள் 2023 முதல் பத்து வருடத்துக்கு, 2.5 பில்லியன் டாலருக்கு எடுத்தது. எல்லா ஆட்டமும் ஒரே இடத்தில், உள்ளூர்த் தடை இல்லாமல். இந்த ஊருக்கு இந்தச் சேனல் என்று அலைந்த ரசிகனுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் ரிமோட்டைத் திருப்பும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டு ரசிகனாகிற பையன் சந்தாச் சுவருக்கு வெளியே நிற்கிறான். ஒரே ஏற்பாட்டில் ரெண்டும் இருக்கு.

சத்தம் யாருடையது?

2020ல் கொரோனா வந்து மைதானங்கள் காலியாகக் கிடந்தபோது ஒரு விஷயம் வெளிச்சமானது. ஆள் இல்லாத ஆட்டத்தை டிவியில் பார்க்கச் சகிக்கவில்லை. ஸ்கை என்ன செய்தது என்றால், வீடியோ கேமுக்காக முன்பு பதிவு செய்து வைத்திருந்த கூட்டத்தின் சத்தத்தை எடுத்து ஆட்டத்தின் மேல் ஓட்டியது. அதாவது விற்பனைக்குப் போகிற சரக்கில் ரசிகன் தொண்டையும் ஒரு பங்கு. காசு கொடுத்து உள்ளே வந்து, பாட்டுப் பாடி, மழையில் நனைந்து அவன் விளைவித்ததைத்தான் திரும்ப அவனுக்கே சந்தாவுக்கு விற்கிறார்கள். விளைவிக்கிறவனும் அவன், வாங்குகிறவனும் அவன். அவனுக்கு ரெண்டு மனசு இருப்பதில் என்ன ஆச்சரியம்? வெங்காயம் விலை ஏறினால் பாதி சந்தோசம், பாதி சங்கடம் என்று இருக்கிற வீடு நமக்குத் தெரியாததா?

அந்தத் தொண்டைக்குப் பலமும் உண்டு. 2020 அக்டோபரில், வழக்கமான சந்தாவில் வராத ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் தனியாக 14.95 பவுண்டு என்று விலை வைத்தார்கள். நியூகாசிலில் ஆரம்பித்துப் பல ஊர் ரசிகர்கள் ஆட்டத்தைப் பார்க்காமல் அந்தக் காசை ஊரில் இருக்கிற உணவு வங்கிக்குக் கொடுத்தார்கள். சில வாரத்திலேயே அந்த விலைமுறை கைவிடப்பட்டது. ஜெர்மனியில் திங்கள் ராத்திரி ஆட்டத்தை எதிர்த்து 2018ல் டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் வீசினார்கள், வராமல் இருக்கைகளைக் காலியாக விட்டார்கள். 2021-22 முதல் அங்கே முதல் நிலை லீகில் திங்கள் ஆட்டம் இல்லை.

பாப் லார்டைப் பெரிய தியாகி என்று நான் சொல்ல வரவில்லை. அவர் தன் கல்லாப்பெட்டியைத்தான் காத்தார். ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது: மைதானம் காலியானால் காட்டுவதற்கு என்ன இருக்கு? ரேடியோ வந்தது, ஐடிவி போனது, ஸ்கை நின்றது, அமேசான் வந்து விலகியது. நாளைக்கு இன்னொருத்தர் வருவார். யார் வந்தாலும் முதல் வருடத்துச் சலுகை விலையைப் பார்த்து மயங்காமல், இவருக்கு நம்ம பயிர் நடுப்பயிரா ஊடுபயிரா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. பந்துக்கு மட்டும் சொல்லலீங்க.

அடுத்த பதிவில் வெங்காயப் பட்டறை போடுவது பற்றி.