ஐடில் வேகக் குறைவு (கார் எஞ்சின்)

கார் நின்றிருக்கும்போது, ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் எஞ்சின் தானாகச் சுழலும் வேகம் ஐடில் வேகம் எனப்படும். அது தயாரிப்பாளர் குறித்த அளவுக்குக் கீழே இறங்கி, வண்டி நடுங்குவதோ அணைந்துபோவதோ ஐடில் வேகக் குறைவு. தமிழ்நாட்டு, புதுச்சேரி ஒர்க்‌ஷாப்களில் ஐடிலை "ஸ்லோ" என்றும், இக்கோளாறை "ஸ்லோ நிக்கல" என்றும் சொல்வார்கள். இது தனி நோயன்று. காற்று, எரிபொருள், தீப்பொறி, அமுக்கம், மின்சாரம், சுமை ஆகிய ஆறில் ஏதோ ஒன்று பிசகியிருப்பதன் அறிகுறி.

புதுச்சேரிக்குத் தெற்கே கடலூர் சாலையில், சுண்ணாம்பாற்றின் கரையில் உள்ள நோணாங்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் இக்கோளாறுக்கு உப்புக்காற்று, ஓயாத ஏ.சி. பயன்பாடு, பருவமழை நீர் ஆகியவை கூடுதல் காரணங்களாகின்றன.

இயல்பான அளவு

சூடேறிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் ஐடில் வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 650 முதல் 850 சுற்று வரை இருக்கும். மூன்று சிலிண்டர் எஞ்சினில் சற்றுக் கூடுதலாக வைப்பதுண்டு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் 1000 முதல் 1500 வரை ஏறி, எஞ்சின் சூடேறச் சூடேற இறங்கும். ஏ.சி. போட்டால், கம்ப்ரசரின் சுமையை ஈடுகட்ட 50 முதல் 150 சுற்று வரை உயர்த்திக்கொள்ளும் வண்டிகள் பல. அந்தந்த மாடலுக்கான சரியான எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். சில வண்டிகளில் பானெட்டின் உட்புற ஸ்டிக்கரிலும் அச்சிட்டிருப்பார்கள்.

750 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு 25 முறை எரிதல் நிகழ்கிறது. மூன்று சிலிண்டரில் அது சுமார் 19 முறைதான். ஆகவே ஆல்ட்டோ, மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளில் ஒரு பிளக் அடிக்காமல் போனாலும் திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஸ்லோ உடனே ஆட்டம் காணும்.

எல்லா இறக்கமும் கோளாறாகாது. கம்ப்ரசர் சேரும் கணத்தில் ஆர்.பி.எம். முள் ஒருமுறை தாழ்ந்து எழுவது இயல்பு. சிக்னலில் எஞ்சினைத் தானாக நிறுத்தும் வசதி உள்ள வண்டியும், ஹைபிரிட் வண்டியும் அணைவது அவற்றின் வேலை.

ஸ்லோ நிற்கும் விதம்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, 1983-இல் வந்த மாருதி 800 ஆகியவற்றின் பெட்ரோல் வண்டிகளில் நெடுங்காலம் கார்புரேட்டரே இருந்தது. அதில் த்ராட்டில் தகடு முழுதாக மூடாதபடி தாங்கிநிற்கும் ஸ்லோ ஸ்க்ரூ ஒன்று. காற்று–பெட்ரோல் கலவையைத் திருத்தும் மிக்சர் ஸ்க்ரூ மற்றொன்று. ஒரு ஸ்க்ரூடிரைவரும் கூர்மையான காதும் இருந்தால் மெக்கானிக் ஸ்லோ வைத்துவிடுவார்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வந்த ஹூண்டாய் சான்ட்ரோ போன்ற கார்கள் எம்.பி.எஃப்.ஐ. எனும் பல்முனை எரிபொருள் செலுத்தலைப் பரவலாக்கின. இதில் த்ராட்டில் தகடு மூடியிருக்க, பக்கவழியொன்றில் காற்று போகும். அந்த வழியின் திறப்பை இ.சி.யு. எனும் கட்டுப்பாட்டுக் கணினி, ஐ.எஸ்.சி. அல்லது ஐ.ஏ.சி. எனப்படும் வால்வு மூலம் கூட்டிக் குறைக்கும். அடுத்து வந்த மின்னணு த்ராட்டிலில் பக்கவழியும் இல்லை. தகட்டையே சிறு மோட்டார் இம்மியளவு திறந்து பிடிக்கிறது. இவ்விரண்டு வகையிலும் த்ராட்டில் பாடியில் தெரியும் நிறுத்த ஸ்க்ரூ தொழிற்சாலையில் வைக்கப்பட்டது. அதைத் திருகி ஸ்லோ ஏற்றக் கூடாது.

காரணங்கள்

கரி: மிகுதியாகக் காணப்படும் காரணம் இதுவே. கிராங்க் பெட்டியிலிருந்து வரும் எண்ணெய் ஆவி த்ராட்டில் தகட்டின் விளிம்பிலும் ஐ.எஸ்.சி. வால்விலும் படிந்து காற்றின் இடுக்கை அடைக்கிறது. ஓடும்போது வண்டிக்கு ஒரு குறையும் தெரியாது. காலை எடுத்ததும் அணையும்.

காற்றுக் கசிவு: வெடித்த வேக்கம் ஹோஸ், தளர்ந்த மேனிஃபோல்டு கேஸ்கெட் வழியே "ஏர் எடுப்பது". இதன் விளைவு எல்லா வண்டியிலும் ஒன்றல்ல. உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சர் உள்ள வண்டியில், சென்சரைத் தாண்டி நுழையும் காற்று கணக்கில் வராது. கலவை நீர்த்து ஸ்லோ விழும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர் உள்ள வண்டியில், சிறு கசிவு அழுத்தத்தைக் கூட்டும், இ.சி.யு. பெட்ரோலையும் கூட்டும், ஸ்லோ இறங்குவதற்குப் பதில் ஏறுவதே வழக்கம்.

திறந்தே நிற்கும் வால்வுகள்: புகையை மறுபடி உள்ளே விடும் இ.ஜி.ஆர். வால்வு கரியால் மூடாமல் போனால், எரிந்த புகையே மூச்சாகி எஞ்சின் திணறும். டேங்க் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு திறந்தே நின்றால், பெட்ரோல் நிரப்பியதும் ஸ்டார்ட்டாகத் தடுமாறும்.

தீப்பொறி: தேய்ந்த பிளக், விரிசல் விட்ட காயில், கசியும் பிளக் ஒயர்.

எரிபொருள்: அடைத்த ஃபில்டர், தளர்ந்த பம்ப், சொட்டும் இன்ஜெக்டர். 2023-இல் அறிமுகமான இ20 பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் உண்டு. ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆக்சிஜன் சென்சர் உள்ள வண்டி இந்த வேறுபாட்டைத் தானே திருத்திக்கொள்ளும். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அது முடியாது. கலவை நீர்த்து ஸ்லோ தடுமாறலாம்.

அமுக்கம்: டேப்பட் இடைவெளி குறைந்துபோனால் வால்வு முழுதாக அமராது. குளிரில் ஒழுங்காக நின்ற ஸ்லோ, எஞ்சின் சூடானபின் விழுவது இதன் அடையாளம். கேஸில் ஓடும் வண்டிகளில் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

மின்சாரமும் சுமையும்: தளர்ந்த பேட்டரி, பிசகிய எர்த், இறுகிய ஏ.சி. கம்ப்ரசர், பவர் ஸ்டீயரிங் பம்ப்.

கடலோரச் சூழல்

நோணாங்குப்பத்திலிருந்து கடல் ஒரு படகுப் பயணத் தொலைவு. சுண்ணாம்பாறு படகுக் குழாமிலிருந்து ஆறு கடலோடு சேரும் மணல்மேட்டுக்குப் படகில் போய்விடலாம். உப்பு கலந்த ஈரக்காற்று இரும்பைவிட முதலில் தின்பது எர்த் முனைகளையும் கனெக்டர் ஊசிகளையும். பேட்டரியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து எஞ்சினுக்கும் போகும் எர்த் பட்டையில் பச்சை பூத்தால், சென்சர்கள் அனுப்பும் செய்தி பிசகும். கூலன்ட் வெப்பச் சென்சரின் கனெக்டரில் தடை கூடினால், இ.சி.யு. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கணக்கிட்டுப் பெட்ரோலை அள்ளிவிடும். பிளக் கறுத்து, இடையிடையே எரிதல் தவறும் மிஸ்ஸிங் வரும்.

மழைநீரின் வேலை இன்னும் மெதுவானது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, நின்ற இடத்திலேயே கார்கள் நீரில் மூழ்கின. அப்படி நனைந்த கனெக்டர் அன்றே பழுதாகாமல், வாரங்கள் கழித்து ஊசி துருப்பிடித்தபின் ஸ்லோ கோளாறாக வெளிப்படலாம். ஏர் ஃபில்டர்வரை நீர் ஏறிய வண்டியைச் செல்ப் அடித்துப் பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கடல்மட்டத்தில் இருப்பதால் ஒரு வசதியும் உண்டு. சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரில் பார்த்தால் மேப் சென்சர் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். நோணாங்குப்பத்தில் அது ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். 2240 மீட்டர் உயரத்து உதகையில் சுமார் 77. எண் பெரிதும் விலகினால், வேறெதையும் கழற்றும் முன்பே சென்சரின்மேல் ஐயம் கொள்ளலாம்.

கண்டறியும் வரிசை

செலவில்லாததில் தொடங்கிச் செலவுள்ளதை நோக்கிப் போவதே முறை.

1. எப்போது விழுகிறது என்று பிரித்தறிதல்: குளிரிலா, சூட்டிலா, ஏ.சி. போட்டாலா, ஸ்டீயரிங் திருப்பினாலா, பெட்ரோல் போட்டபின்னா, பேட்டரி மாற்றியபின்னா. பாதி விடை இதிலேயே கிடைக்கும்.

2. கண்ணால் பார்த்தல்: ஏர் ஃபில்டர், வேக்கம் ஹோஸ்கள், பேட்டரி முனைகள், எர்த் பட்டைகள்.

3. மின்னழுத்தம்: நிறுத்திவைத்த பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏ.சி. போட்டு, எஞ்சின் உலோகத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது.

4. ஸ்கேன் போடுதல்: ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 ஊசி ஓ.பி.டி. சாக்கெட்டில் பி0506 என்ற குறி வந்தால், இ.சி.யு. முயன்றும் ஸ்லோ குறித்த அளவுக்கு ஏறவில்லை என்று பொருள். பி0507 அதற்கு நேர்மாறு. பி0300 பல சிலிண்டர்களில் மிஸ்ஸிங். பி0171 கலவை நீர்த்தது. குறி கோளாறு எந்தப் பக்கம் என்றே காட்டும். எந்தப் பாகத்தை மாற்றுவது என்று சொல்லாது.

5. ஃப்யூவல் டிரிம்: இ.சி.யு. பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சமாளிக்கிறது என்ற எண் இது. ஐடிலில் பெரிதும் கூடி, 2500 சுற்றில் இயல்புக்குத் திரும்பினால் காற்றுக் கசிவு. இரண்டிலும் கூடியே இருந்தால் பெட்ரோல் அழுத்தம் போதவில்லை.

6. சிலிண்டர் சோதனை: இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கையில், எதைக் கழற்றினால் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யாதது. காயிலைக் கழற்றி இதைச் செய்தால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும்.

7. இவற்றில் விடை கிடைக்காதபோதே பெட்ரோல் அழுத்தம், கம்ப்ரஷன், டைமிங் செயின் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

புகைச் சான்றுச் சோதனையும் இதற்கு உதவும். பாரத் ஸ்டேஜ் 4-உம் அதன் பின்னும் வந்த பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். என்பது வரம்பு. மோனாக்சைடு கூடியிருந்தால் பெட்ரோல் மிகுதி. மோனாக்சைடு குறைந்து ஹைட்ரோகார்பன் மட்டும் கூடியிருந்தால் மிஸ்ஸிங்.

சரிசெய்தல்

த்ராட்டில் பாடியை எஞ்சின் ஆறியபின், அதற்குரிய கிளீனர் ஸ்பிரேயும் மென்துணியும் கொண்டு துடைக்க வேண்டும். எமரித்தாளால் தேய்த்தால் உட்பூச்சு போய்விடும். மின்னணு த்ராட்டில் தகட்டைச் சாவி போட்ட நிலையில் விரலால் தள்ளினால் உள்ளிருக்கும் பல்சக்கரம் கெடலாம். மோட்டார் சட்டென்று மூடி விரலையும் நசுக்கலாம்.

துடைத்த கையோடு ஸ்லோ ஏறி நின்றால் அதுவும் எதிர்பார்க்கத்தக்கதே. கரியடைப்புக்கு ஏற்பத் தகட்டைக் கூடுதலாகத் திறக்க இ.சி.யு. பழகியிருக்கும், அடைப்பு போனபின்னும் பழைய கணக்கிலேயே திறக்கும். இதன் மறுபக்கம்தான் "பேட்டரி மாத்தினதிலிருந்து வண்டி ஆஃப் ஆகுது" என்ற குறை. பேட்டரியைக் கழற்றியதும் பழகிய கணக்கு அழிகிறது. கரி மட்டும் அப்படியே இருக்கிறது. புதிய பேட்டரிமேல் குற்றமில்லை. இரண்டு நிலைக்கும் தீர்வு, சுத்தம் செய்து, கையேட்டில் சொன்ன முறையில் மறுபழக்கம் கொடுப்பது. பல வண்டிகளில் ஏ.சி. இல்லாமல் சில நிமிடமும் ஏ.சி. போட்டுச் சில நிமிடமும் சூடான எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டாலே போதும். சிலவற்றுக்கு ஸ்கேனர் தேவை.

எர்த் முனைகளைக் கழற்றி, உலோகம் பளிச்சிடத் தேய்த்து, இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசுவது கடலோர ஊர்களில் ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் செய்யத்தக்க வேலை.

கார்புரேட்டர் வண்டியில் முதலில் பிளக், பாயின்ட், டைமிங், டேப்பட் ஆகியவற்றைச் சரிபார்த்து, ஸ்லோ ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து, கடைசியாகவே ஸ்க்ரூவைத் தொட வேண்டும். டீசல் வண்டியில் ஸ்லோவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் டீசலின் அளவு. அங்கே முதலில் பார்க்க வேண்டியவை டீசல் ஃபில்டர், குழாயில் புகுந்த காற்று, இன்ஜெக்டரின் ரிட்டர்ன் கசிவு.

பாதுகாப்பு

நகரும்போது எஞ்சின் அணைந்தால் பிரேக் பூஸ்டரில் எஞ்சியிருக்கும் வேக்கம் ஓரிரு மிதிகளுக்கே வரும். பவர் ஸ்டீயரிங்கும் கனக்கும். பாலத்தின்மீதோ நெரிசலிலோ இது ஆபத்து. ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்கினால் ஸ்லோவை ஏற்றி விளக்கை அணைக்காமல், ஆயில் அளவையும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்தால் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

ஸ்க்ரூவைத் திருகி ஏற்றிய ஸ்லோ, காரணத்தை மறைத்துவைக்கும். பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும். பெரும்பாலான வண்டிகளில் ஒரு கிளீனர் டப்பாவும், உப்புத்தாளும், அரை மணி நேரமுமே இக்கோளாறுக்கு உண்மையான செலவு.