புற்றுமண் அம்மனும் போன கண்ணும்

தஞ்சாவூர் பக்கம் புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கீங்களா? அங்கே மூலவருக்கு அபிஷேகமே கிடையாது. அம்மன் கல் இல்லை, புற்றுமண். தண்ணி பட்டா கரைஞ்சிடும்.

அதனால ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மண்டலம், 48 நாள், தைலக்காப்பு. அந்த நாட்கள்ல வெண்துணியில அம்மனை வரைஞ்சு, பூஜை எல்லாம் அதுக்குத்தான். கோபுரத்துக்கு நடக்கிற திருப்பணியைவிட எனக்கு இதுதான் பெரிய திருப்பணி.

1680-ல் வெங்கோஜி மன்னர் கனவில் வந்து அம்மன் இந்தப் புற்றைக் காட்டினாள் என்பது தலவரலாறு. பிறகு துளஜா மன்னரின் மகளுக்கு வைசூரியில் கண் போய், இங்கே வேண்டித் திரும்பியதாம். புற்றுக்கு அம்மன் உருவம் கொடுத்தவர் சதாசிவ பிரம்மேந்திரர்.

கதையில் கண் வருவது சும்மா இல்லைங்க. பெரியம்மை கருவிழியில புண்ணாக்கி, தழும்பாக்கி, நிறைய பேரைக் குருடாக்கிய நோய்.

கோயிலுக்கு மகாமண்டபம் கட்டிய இரண்டாம் சரபோஜிதான் தன்வந்திரி மஹால் நடத்தி, நோயாளிகளின் கண்ணைப் படமா வரைஞ்சு, கேஸ் ஷீட் எழுதி வச்சவர். அவருக்கு ரெண்டும் முரணாத் தெரியலை.

பெரியம்மை ஒழிஞ்சதுன்னு 1980-ல் அறிவிச்சாச்சு. தட்டம்மை இன்னும் இருக்கு. அதுவும் கண்ணைப் பறிக்கும். பிள்ளைக்கு வந்தா வேப்பிலை வைங்க, வேண்டிக்கோங்க. அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கும் தூக்கிட்டு வாங்க. வைட்டமின் ஏ மருந்து, அடுத்தடுத்து ரெண்டு நாள் கொடுக்கணும்.