மென்திசுச் சார்கோமா

தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 1 விழுக்காடே இது. ஆனாலும் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. தொடையில்தான் அதிகம் காணப்படுகிறது.

தொடைக் கட்டி எப்படித் தவறாக எண்ணப்படுகிறது என்பதற்கு நெய்வேலியைப் பார்க்கலாம். கடலூர் மாவட்டத்தின் இவ்வூர், 1956-இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்தால் உருவான நகரியம். சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ உழைப்பவர் தொடை வீங்கினால் எங்கோ இடித்துக்கொண்டதாக நினைப்பது இயல்பு. அடிபடுவதால் இந்நோய் வருவதாகச் சான்றில்லை. ஏற்கெனவே இருந்த கட்டி அப்போது கண்ணில் படுகிறது, அவ்வளவே. பெரும்பாலும் வலியும் இராது. 'கொழுப்புக் கட்டிதான்' என்று விட்டுவிடுவதும், ஸ்கேன் எடுக்காமல் உள்ளூரிலேயே அறுத்து எடுத்துவிடுவதும்தான் பெரிய ஆபத்து. பெரும்பாலான கட்டிகள் கெடுதலற்றவை என்பது உண்மை. ஆனால் 5 செ.மீ.க்கு மேற்பட்டது, ஆழத்தில் இருப்பது, வளர்ந்துகொண்டே போவது, எடுத்த பின் மறுபடி முளைப்பது ஆகியவற்றைச் சோதிக்காமல் கத்தி வைக்கக் கூடாது.

முதலில் எம்.ஆர்.ஐ.; அதன்பின் தடித்த ஊசியால் பயாப்சி. ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்ற அச்சத்தால் பலர் தயங்குகிறார்கள். முறையாகச் செய்தால் அந்த அபாயம் மிகக் குறைவு. பின்னால் அறுவை செய்யப்போகும் கோட்டிலேயே ஊசியைச் செலுத்துவார்கள். அந்தத் தடமும் கட்டியோடு சேர்த்து எடுக்கப்படும். இந்நோய் பெரும்பாலும் நுரையீரலுக்கே பரவுவதால் மார்பு சி.டி.யும் தேவை.

முதன்மைச் சிகிச்சை அறுவைதான். கட்டியைத் தோண்டி எடுக்காமல், சுற்றிலும் நல்ல திசுவோடு சேர்த்து அகற்ற வேண்டும். எடுத்த துண்டின் விளிம்புகளில் மை பூசி, புற்றணுக்கள் மையைத் தொடுகின்றனவா என்று நோய்க்குறியியலாளர் நுண்நோக்கியில் பார்ப்பார். ஒருகாலத்தில் காலையே வெட்டிவிடுவார்கள். உறுப்பைக் காத்து அறுவை செய்து கதிர்வீச்சும் கொடுத்தாலும் உயிர்பிழைப்பு குறைவதில்லை என்று 1982-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அறுவைக்கு முன் கதிர்வீச்சு என்றால் வழக்கமாக 25 தவணைகளில் மொத்தம் 50 கிரே (கதிர்வீச்சு அலகு). பரவிய நோய்க்கு டாக்சோரூபிசின், ஐஃபாஸ்ஃபமைடு மருந்துகள் தரப்படும்.

நெய்வேலிக்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை அருகில் இருக்கிறது. சென்னையில், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையம் உண்டு. இவற்றில் எங்கே போனாலும் அறிக்கைத் தாள் மட்டும் போதாது. வகைகள் பல என்பதால் இரண்டாவது பார்வையில் நோயின் பெயரே மாறலாம். பயாப்சி ஸ்லைடுகளையும் திசு பதித்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.