அணையும் செல்லும் அணைக்கப்படும் செல்லும்

கதிரடிக்கும் களத்தில் நெல்மணி ஒன்று தெறித்துக் கண்ணில் படுகிறது. வாடிப்பட்டிப் பக்கமும் மேலூர்ப் பக்கமும் அறுவடைக் காலத்தில் இதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். இரவில் உறுத்தினால் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ ஒரு சொட்டு. சில நாளில் கருவிழியில் சாம்பல் நிறமாக ஒரு புள்ளி தெரியும். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1990களில் கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு வட்டாரத்தில் எடுத்த கணக்கைவிட இது பத்து மடங்கு. 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இப்படி 434 பேரை ஆராய்ந்தார்கள். கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறக்குறைய பாதியில் இருந்தது பூஞ்சை. அதிலும் ஃபியூசேரியமே அதிகம்.

இன்னொரு கண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கண் தானத்தில் கிடைத்த கருவிழியைப் பொருத்திக்கொண்டவரின் கண் அது. சில மாதம் தெளிவாக இருந்துவிட்டு, திடீரென்று சிவந்து, பார்வை மங்குகிறது. உடல் அந்த ஒட்டை அந்நியமென்று கண்டுகொண்டுவிட்டது.

இரண்டும் சிவந்த கண்கள்தான். உள்ளே கூடியிருக்கும் செல்கள் வேறு. பூஞ்சைப் புண்ணில் முதலில் வந்து குவிபவை நியூட்ரோஃபில்கள். ஒட்டை நிராகரிப்பதில் முன்னிற்பவை டி செல்கள். இரண்டுமே வெள்ளணுக்கள், இரண்டுக்கும் ஒரே மரபணுத் தொகுதி. ஆனால் சாகும் விதம் நேர் எதிரானது.

நியூட்ரோஃபிலை எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி என்ற அளவில் உற்பத்தி செய்கிறது. சாகாமல் இருப்பதற்கு அது ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கிறது. அதன் உயிரைப் பிடித்து வைத்திருப்பது எம்சிஎல்-1 என்ற புரதம். செய்த வேகத்திலேயே சிதைந்துவிடும் புரதம் அது. சில மணி நேரமே தாங்கும். மரபணுவிலிருந்து நகல் எடுப்பது நின்றால் கையிருப்பு தீர்ந்துவிடும், செல்லும் அடங்கிவிடும். விளக்கில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்பது போன்ற வாழ்வு. இதைச் ‘செல் தற்கொலை’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. யாரும் அணைக்காமலே அணைகிற விளக்கை என்னவென்று சொல்வது? வீங்கிய திசுவில் ஆக்சிஜன் குறைந்தால், கிருமியின் வாடை பட்டால், எம்சிஎல்-1 மரபணு மேலும் மும்முரமாக எழுதப்படும், ஆயுள் நீளும்.

டி செல்லின் கதை வேறு. அதனிடம் பிசிஎல்-2 என்ற, எளிதில் சிதையாத காவல் புரதம் கையிருப்பாக இருக்கிறது. நினைவு டி செல்களின் வம்சம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். அது சாக வேண்டுமென்றால் ஒரு கட்டளை வர வேண்டும். உள்ளிருந்து வரும் கட்டளை, ‘பிம்’ என்ற புரதத்தின் மரபணு விழித்துக்கொள்வது. பிம் போய்ப் பிசிஎல்-2வைக் கட்டிப்போடும். வெளியிலிருந்து வருவது, இன்னொரு செல் நீட்டும் ஃபாஸ் லிகண்ட் என்ற புரதம், டி செல்லின் மேலுள்ள ஃபாஸ் ஏற்பியைத் தொடுவது.

இந்த இடத்தில் கருவிழி வியக்க வைக்கிறது. ஃபாஸ் லிகண்டைக் கருவிழியின் செல்களே ஏந்தி நிற்கின்றன. சினந்து வரும் டி செல் வாசலிலேயே சாகிறது. 1997இல் எலிகளில் இதைச் சோதித்தார்கள். ஃபாஸ் லிகண்ட் உள்ள கருவிழி ஒட்டுகளில் 45 விழுக்காடு நிலைத்தன. அது இல்லாத ஒட்டுகளில் ஒன்றுகூட நிலைக்கவில்லை. சிறுநீரகத்தைப் போல வாழ்நாள் முழுக்க மாத்திரை விழுங்காமலே பலருக்குக் கருவிழி ஒட்டு தங்குவதில் இதற்கும் பங்கு உண்டு.

இரண்டு கண்ணிலும் இப்போது ஒரே ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விடுவோம். மருந்து செல்லுக்குள் நுழைந்து, ஒரே ஏற்பியைப் பிடித்து, கருவுக்குள் போய் டிஎன்ஏவில் அமர்கிறது. இதுவரை எல்லாம் ஒன்றுதான். டி செல்லில் அது பிம் மரபணுவைத் தட்டி எழுப்புகிறது. உயிர்காக்கும் ஐஎல்-2 சமிக்ஞையின் எழுத்தையும் அடக்குகிறது. ஸ்டீராய்டு பட்ட, டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பியின் செல்கள் ஒழுங்கு முறையில் மடிவதை ஆண்ட்ரூ வைலி 1980லேயே காட்டிவிட்டார். நியூட்ரோஃபிலிலோ அதே ஸ்டீராய்டு எம்சிஎல்-1 குறையாமல் காத்து ஆயுளைக் கூட்டுகிறது. எந்த மரபணுவின் வாசல் எந்தச் செல்லில் திறந்திருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

ஆயுள் கூடினால் நல்லதுதானே, பூஞ்சையோடு கூடுதல் நேரம் போரிடுமே என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. ஸ்டீராய்டு நியூட்ரோஃபிலின் கொல்லும் திறனைக் குறைக்கிறது; புதியவை வந்து சேர்வதையும் தடுக்கிறது. பூஞ்சை தடையின்றி உள்ளே இறங்குகிறது. வேளையோடு மடிந்து, மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு செல்களால் அப்புறப்படுத்தப்பட வேண்டிய செல்கள் சிதைந்து, கொலாஜனைக் கரைக்கும் நொதிகளைக் கொட்டும் ஆபத்தும் இருக்கிறது. கருவிழியின் மொத்தத் தடிமனே அரை மில்லிமீட்டர்தான். அது கரைந்து துளை விழுந்தால் கண்ணே போய்விடும்.

பாக்டீரியாப் புண்ணிலும் ஸ்டீராய்டு கைகொடுக்கவில்லை. அரவிந்தும் அமெரிக்க மையங்களும் சேர்ந்து 2006 முதல் 2010 வரை 500 பேரிடம் நடத்திய ஆய்வில், ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டு சேர்த்ததால் மூன்று மாத முடிவில் மொத்தத்தில் கூடுதல் பார்வை கிடைக்கவில்லை. ஒட்டு நிராகரிப்பில் மட்டும் அதே மருந்து இன்றும் முதல் துணை.

இவ்வளவு பெரிய வேறுபாட்டை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சிவப்பும் வலியும் இரண்டிலும் உண்டு. அதனால்தான் மருந்துக்கடையில் ‘கண் சிவப்புக்கு ஒரு சொட்டு’ என்று கேட்டு வாங்குவது எனக்கு அச்சமூட்டுகிறது. மருத்துவமனையில் கண்ணை மரத்துப்போகச் செய்து, மெல்லிய கரண்டியால் புண்ணின் ஓரத்தைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் பூசி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விடுவார்கள். செல்கள் கரைந்து தெளிவாகும். பூஞ்சை இருந்தால் நுண்ணோக்கியில் கிளைவிட்ட நூல்கள் தெரியும். எந்தச் சொட்டு மருந்து என்பது அதன் பிறகுதான் முடிவாகும்.