முகமூடி கழன்ற பின்...

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையைத் தேசியப் பாடல்களுக்காகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவரது 'மலைக்கள்ளன்' நாவலோ 1954இல் கோவை பட்சிராஜா நிறுவனத் தயாரிப்பாக, எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு இயக்கத்தில், மு. கருணாநிதி வசனத்தில் திரைக்கு வந்து குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் பெற்றது. ஊருக்குள் வணிகர் அப்துல் ரஹீம், மலையில் முகமூடிக் கள்ளன் என இரு கோலங்களில் எம்.ஜி.ஆர். தோன்றினார். பின்னர் தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என ஐந்து மொழிகளுக்குக் கதை பயணப்பட்டது. இந்தி 'ஆசாத்' (1955) படத்தில் நாயகன் திலீப்குமார். ஆங்கிலத்தில் ரஸ்ஸல் தார்ன்டைக் 1915இல் படைத்த டாக்டர் சின், வெளியில் பாதிரியார், மறைவில் கடத்தல் கூட்டத் தலைவர். அவரும் 1937, 1962, 1963 என மும்முறை திரையேறினார். இரட்டை வேடத்தின் கவர்ச்சி அத்தகையது.

'மலைக்கள்ளன்' படத்தில் எம்.ஜி.ஆருக்காகப் பாடிய டி.எம். சௌந்தரராஜன் மதுரையில் பிறந்தவர். அந்த மதுரைச் சீமையிலிருந்து பார்க்கையில் படத்தின் தலைப்பே நம்மைச் சற்று நிறுத்துகிறது. உசிலம்பட்டி வட்டாரத்தில் கள்ளராகப் பிறந்ததே குற்றமாக அரசு ஏட்டில் ஏறிய காலம் ஒன்றிருந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்தது 1947இல்தான்.

ஏழே ஆண்டுகளில் அச்சொல் கொட்டகையில் கைதட்டல் வாங்கியது சிறிய மாற்றமன்று. ஆனால், முகமூடி கழன்றதும் அவன் கதாநாயகியின் காணாமற்போன உறவினன், நற்குடிப் பிறப்பினன் என்று தெரிகிறது. அதன் பிறகே மணமாலை! ஏட்டில் பெயர் ஏறிய ஒருவனை நாயகனாக்கும் துணிவு இக்கதைக்கு இருக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம்.